அண்ணா வைக்காமல் விட்ட பெயர்

அண்ணா எங்களை விட்டுப் பிரிந்து இன்று முப்பத்தோராம் நாள். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அவர் வீட்டில் ஒரு நேரமாவது சாப்பிட்டவர்கள். சிலர் மெல்பேர்னில் விமானத்தால் இறங்கி, அவர் காரில் ஏறி, அவர் வீட்டு முன்னறையில் பாய் விரித்துப் படுத்து, அங்கிருந்துதான் வேலை தேடப் போனீர்கள். அவருடைய ஒரே தங்கை என்ற முறையில் இந்தக் கட்டுரையை எழுதும்படி அண்ணி என்னைக் கேட்டுக்கொண்டார். "எல்லாத்தையும் எழுதும். அதையும் எழுதும்," என்றார். அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே விளங்கியது. அதனால்தான் இந்தக் கட்டுரை வழக்கத்தைவிட நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணம் சுழிபுரத்தில், ஆசிரியரான எங்கள் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாக அண்ணா பிறந்தார். அவருக்குப் பின் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்பது வருடம் கழித்து நான் பிறந்தேன். அம்மா நெஞ்சு வருத்தத்தில் போனபோது அண்ணாவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. அன்றிலிருந்து ஐயா பள்ளிக்கூடத்தால் வருவதற்கிடையில் சோறு வடித்து வைப்பதும், என் தலையை இழுத்துப் பின்னிவிடுவதும் அண்ணாவின் வேலையாயின. இரட்டைப் பின்னல் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து நான் அழுதால், நாளைக்கு மற்றப் பக்கம் மேலே வரப் பின்னிவிடுகிறேன் என்பார். அம்மாவின் பெயரை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் உச்சரித்ததில்லை. ஐயா அம்மாவை உயிரோடு இருந்தபோதே பெயர் சொல்லிக் கூப்பிட்டவரல்லர். பிள்ளைகள் நாங்கள் சொல்லவும் முடியாது. சொல்ல ஆளில்லாமல் அந்தப் பெயர் வீட்டை விட்டுப் போய்விட்டது.

அண்ணா கொழும்பில் பொறியியல் படித்து, நீர்ப்பாசனப் பகுதியில் வேலை பார்த்து, அண்ணியைக் கைப்பிடித்தார். பதவி உயர்வுகள் தன்னைத் தாண்டிப் போவதை ஏழு வருடம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விண்ணப்பம் போட்டார். எழுபத்து மூன்றில் அவரும் அண்ணியும் நானும் மெல்பேர்னுக்கு வந்து சேர்ந்தோம். இங்கே அவருடைய பட்டத்தை யாரும் முதலில் மதிக்கவில்லை. ஒரு தகரத் தொழிற்சாலையில் ஒன்றரை வருடம் நின்றார். அதன் பிறகுதான் வீதிப் படம் வரையும் வேலை கிடைத்தது. நான் ஒரு பொது நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.

நினைவு மலர்களில் இறந்தவரைப் பற்றி 'இல்லை என்று சொல்லாதவர்' என்று எழுதுவது வழக்கம். எங்கள் அண்ணாவைப் பொறுத்தவரை அது எழுத்துக்கு எழுத்து உண்மை. அவருக்கு அந்தச் சொல் வாயில் வராது. கேட்டவர் முகம் சுருங்குவதை அவரால் பார்க்க முடியாது. கார் கேட்டால் கொடுப்பார், பிறகு தான் ட்ராமில் போவார். ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டுக்கு வருவதாக ஒப்புக்கொண்டு, மூன்று வீட்டாரிடமும் பேச்சு வாங்குவார். இதை நான் பெருமையாக மட்டும் எழுதவில்லை. அவர் செய்த பெரிய பிழை ஒன்றும் இதே குணத்திலிருந்துதான் வந்தது.

நாங்கள் முதலில் குடியிருந்தது மெல்பேர்னின் பிரன்ஸ்விக் பகுதியில், ஒரு கிரேக்க விதவையின் வீட்டுப் பின்பக்க இரண்டு அறைகளில். சமைக்கும் குசினி பொது. அவர் லெம்னோஸ் என்ற தீவிலிருந்து வந்தவர். புருஷன் நோயில் போய்விட்டார். ஒரே மகன் கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, கலியாணம் கட்டாமலே இறந்துவிட்டான். அவர் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். எப்போதும் கறுப்பு உடுப்பு, கையில் எலுமிச்சம்பழ மணம். அவருடைய பெயர் பொலிக்ஸேனி.

அண்ணாவின் நினைவு மலரில் ஒரு கிரேக்கப் பெண்ணின் பெயருக்கு என்ன வேலை என்று எங்கள் பெரியப்பா கேட்பார். கேட்கட்டும். நான் நூலகத்தில் வேலை செய்கிறவள். தெரிந்ததைச் சொல்லாமல் விடமாட்டேன்.

அது மிகப் பழைய பெயர். 'பொலி' என்றால் பல, மிகுதி. 'க்ஸேனோஸ்' என்றால் வெளியிலிருந்து வருகிறவர். வீட்டு வாசலுக்கு வந்த அந்நியரையும் வீட்டுக்குள் வந்த விருந்தாளியையும் கிரேக்கர் அந்த ஒரே சொல்லால்தான் சொல்கிறார்கள். ஆகவே பொலிக்ஸேனி என்றால் பலரை வரவேற்று உபசரிக்கிறவள். அவர்களுடைய பழங்கதை ஒன்றில் ஓர் அரசகுமாரிக்கு இந்தப் பெயர் இருந்தது. பிறகு கிறிஸ்தவர்களின் ஒரு புனிதைக்கு இருந்தது. கடல் தாண்டி இத்தாலிக்குப் போய் அங்குள்ள பிரபுக்கள் வீட்டில் பொலிசேனா ஆனது. அங்கிருந்து ஜெர்மன் பக்கத்துப் பெரிய இடத்துப் பெண்களுக்கும், தேவாலய நாட்காட்டி வழியாக ரஷ்யாவுக்கும் போனது. இவ்வளவையும் தடித்த புத்தகங்கள் இரண்டைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் சாதாரண சனங்களிடம் அந்தப் பெயர் பரவியது ஒரே ஒரு வழியில்தான் என்று எனக்குச் சொன்னவர் பொலிக்ஸேனி அம்மையார். அவர்கள் முறைப்படி பிள்ளைக்குப் பெற்றோர் இஷ்டத்துக்குப் பெயர் தேடுவதில்லை. மூத்த பெண்ணுக்குத் தகப்பனின் தாய் பெயர், அடுத்தவளுக்குத் தாயின் தாய் பெயர். ஒரு பெயர் ஓர் ஆளோடு கிடந்து, ஒரு தலைமுறை பொறுத்திருந்து, பேர்த்தியின் மேல் ஏறும். பேரன், பேர்த்தி என்ற எங்கள் சொற்களே பெயரிலிருந்து வந்தவைதான் என்று நான் சொன்னபோது, அவர் என் கன்னத்தைக் கிள்ளினார். அவருக்கு அந்தப் பெயர் தகப்பனின் தாயிடமிருந்து வந்தது. அந்தக் கிழவிக்கு அவளுடைய பாட்டியிடமிருந்து. லெம்னோஸிலேயே இப்போது இளம் பெற்றோர் அதைப் பழம்பெயர் என்று ஒதுக்குகிறார்களாம். பிரன்ஸ்விக் தேவாலயத்தில் அவருக்குத் தெரிய இன்னொருத்தி இருந்தாளாம். அவளும் இங்கு வந்து வேறு பெயர் வைத்துக்கொண்டாளாம்.

அவர் பேசியது அரைகுறை ஆங்கிலம். அதை நான் என் தமிழில் எழுதுகிறேன். "என்ர மகனுக்கு ஒரு பெட்டைப் பிள்ளை பிறந்திருந்தா அவள் பொலிக்ஸேனி. மகன் போயிட்டான். அவனோட அவளும் போயிட்டாள்," என்றார் ஒரு நாள், வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டே. பிறக்காத பேர்த்தியை அவர் பெயர் சொல்லித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணிக்கு அதற்கு முன் இரண்டு தரம் கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது முறை, நான்காம் மாதமே படுக்கையை விட்டு எழும்பக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அண்ணாவுக்குத் தொழிற்சாலை, எனக்கு நூலகம். பகலில் அண்ணியைப் பார்க்க ஆளில்லை. பொலிக்ஸேனி அம்மையார் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. தொழிற்சாலைக்குப் போவதை நிறுத்தினார். தைக்கிற துணிகளை வீட்டுக்கு எடுப்பித்து, அண்ணியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மெஷினைப் போட்டுக்கொண்டார். ஐந்து மாதம் அப்படி இருந்தார். அண்ணியைக் கழுவித் துடைத்தார், தலை வாரினார், கோழிச் சூப்பில் எலுமிச்சம்புளி விட்டுக் குடிக்கக் கொடுத்தார். அண்ணி சைவம் என்று தெரிந்ததும் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பிறகு கடலையிலும் பருப்பிலும் சூப் வைக்கப் பழகினார். நாங்கள் மூவரும் சேர்ந்து எத்தனை பிறவி எடுத்தாலும் அந்த ஐந்து மாதத்துக்கு ஈடு செய்ய முடியாது.

எட்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குசினியில் அண்ணாவும் நானும் கதிரையில் இருந்தோம். பொலிக்ஸேனி அம்மையார் தேவாலயத்தால் வந்து, தலைத்துணியைக் கழற்றாமலே அண்ணாவுக்கு முன்னால் நின்றார்.

"ஒண்டு கேக்கிறன். பெட்டைப் பிள்ளையெண்டா என்ர பேரை வைப்பீரோ? இரண்டாம் பேராயெண்டாலும் காணும். இந்த வீட்டில அந்தப் பேர் கேக்கவேணும். அவ்வளவுதான்."

அண்ணா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும், அவரால் முடியாது. ஓம் என்று சொல்ல மனமில்லை. இல்லை என்று சொல்ல வாயில்லை. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை.

"எங்கட முறையிலே நாங்களாப் பேர் தேர்ந்தெடுக்கிறேல்ல அன்ரி," என்றார். "பிள்ளை பிறந்த நட்சத்திரத்துக்கு ஒரு எழுத்து இருக்கு. சாத்திரியார் பார்த்துச் சொல்லுவார். அந்த எழுத்தில உங்கட பேர் தொடங்கினா, கட்டாயம் வைப்பம்."

நான் அதை ஆங்கிலத்தில் விளக்கிச் சொன்னேன். அவருடைய முகம் மலர்ந்தது. கடவுள் தீர்மானிக்கட்டும் என்றால் அவருக்கு அதைவிடப் பெரிய வாக்கு இல்லை. மூன்று தரம் சிலுவை போட்டுக்கொண்டு அறைக்குள் போனார். அவர் போனதும் அண்ணா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"இருபத்தேழு நட்சத்திரம், நாலு நாலு பாதம். நூற்றெட்டு எழுத்து. அதில அவவின்ர எழுத்து வாறது எங்க?"

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் மேல் எனக்கே ஆத்திரமாக இருக்கிறது. ஒருவரிடம் மறுக்கத் துணிவில்லாமல் சாத்திரத்தைக் கூப்பிட்டுத் துணைக்கு நிறுத்திய கெட்டித்தனம் அது. அந்த அம்மையாரோ அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் தன் பெயர்கொண்ட அந்தப் புனிதையின் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்து, அந்த எழுத்து வரவேண்டும் என்று நின்றார்.

பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரி மணிக்கூட்டைப் பார்த்துப் பிறந்த நேரத்தைக் குறித்தவள் நான். அதை எயர் லெட்டரில் எழுதி ஐயாவுக்கு அனுப்பினோம். பதில் வர ஒரு மாதம் சென்றது. அந்த ஒரு மாதமும் பொலிக்ஸேனி அம்மையார் தபால்காரனை வாசலில் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளையை அவர் 'சின்னவள்' என்று தன் மொழியில் கூப்பிட்டார். எழுத்து வரும்வரை வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று எங்களையும் தடுத்து வைத்தார்.

கடிதம் வந்த அன்று அவர் துணிக்கட்டைக் கொடுக்க வெளியே போயிருந்தார். அண்ணா குசினியில் நின்றபடி பிரித்தார். ஐயாவின் கையெழுத்து மணிமணியாக இருக்கும். பேர்த்தி சித்திரை நட்சத்திரம், இரண்டாம் பாதம், பெயரெழுத்து பொ அல்லது போ என்று சாத்திரியார் சொன்னார் என்று எழுதியிருந்தார்.

அண்ணா இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நான் வாசித்துவிட்டு அண்ணியிடம் கொடுத்தேன். அண்ணி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பிறகென்ன," என்றார் அண்ணி. "கேட்டது அவ. குடுத்தது கடவுள். இடையில நாங்கள் ஆர்?"

"ஐயாவுக்கு என்னெண்டு எழுதுறது?" என்றார் அண்ணா. "வெள்ளைக்காரப் பேர் வைச்சிட்டினம், கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டினம் எண்டு ஊர் முழுக்கக் கதைக்கும். பள்ளிக்கூடத்தில பிள்ளையை என்னெண்டு கூப்பிடுவினம்?"

"அப்ப ஏன் அவவுக்கு அந்தக் கதை சொன்னனீங்கள்?"

அண்ணா எங்கள் இருவரையும் பார்க்காமல், யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அம்மான்ர பேர் ஒரு வீட்டில கேக்கவேணும் எண்டு எனக்கு ஆசை இருக்காதோ?"

எங்கள் அம்மாவின் பெயர் 'ரா'வில் தொடங்கும். சித்திரையின் மூன்றாம் பாதத்துக்கு எழுத்து ரா. ஒரு பாதம் என்றால் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம். பிள்ளை அந்த ஆறு மணித்தியாலம் பிந்திப் பிறந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

அண்ணி கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். தாயில்லாமல் வளர்ந்த புருஷன் தாயின் பெயரைக் கேட்கும்போது அவர் என்ன சொல்வார்? நான் பேசியிருக்கலாம். 'இரண்டு பேரையும் வைப்பம், அண்ணா' என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அவர் என் சொல்லைத் தட்டமாட்டார். ஆனால் அம்மாவின் பெயரைக் கேட்க எனக்கும் ஆசை. அதை இன்னொரு பெயரோடு பங்கு போட எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அவ்வளவுதான்.

"நீ சொல்லு," என்றார் அண்ணா. "உன்ர இங்கிலீஸ்தான் அவவுக்கு விளங்கும்."

பொலிக்ஸேனி அம்மையார் திரும்பி வந்து, மேசையில் கடிதத்தைக் கண்டு, கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். நான் சொன்னேன். எழுத்து ரா என்று வந்திருக்கிறது, எங்கள் அம்மாவின் எழுத்து என்றேன். பொய் அண்ணாவுடையது. சொன்ன வாய் என்னுடையது.

அவர் எங்கள் அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தார், பிழைத்தது. மீண்டும் சொன்னார். ஐந்தாறு தரம் சொல்லிச் சரியாக்கிக்கொண்டு, தொட்டிலுக்குப் போய்க் குனிந்து, பிள்ளையை முதன்முதலாக அந்தப் பெயரால் கூப்பிட்டவர் அவர்தான். இருபது வருடமாக ஒருவரும் சொல்லாத எங்கள் அம்மாவின் பெயர் ஒரு கிரேக்கப் பெண்ணின் வாயில்தான் திரும்ப வந்தது. அண்ணா பின்கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு அண்ணாவால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. அந்த அம்மையார் அன்பில் ஒரு துளியும் குறைக்கவில்லை. அதுதான் அவரைச் சுட்டது. எழுபத்தாறில் நகரின் மறுகோடியில், ஸ்பிரிங்வேலில் வீடு வாங்கினார். வேலைக்குக் கிட்ட என்று எல்லோருக்கும் சொன்னார். கிட்டவே இல்லை, முன்னையைவிட இருபது நிமிஷம் கூட. பொலிக்ஸேனி அம்மையாரைப் பார்க்க அண்ணியையும் பிள்ளையையும் காரில் ஏற்றிக்கொண்டு போவார். வாசலில் இறக்கிவிட்டு, தான் காருக்குள் இருந்து பேப்பர் வாசிப்பார். அந்த அம்மையார் கோப்பியைக் கையில் ஏந்தி கார் வரைக்கும் கொண்டுவந்து கொடுப்பார். பிறகு போவதே குறைந்தது. போன வருடம் ஒரு தரம்கூடப் போகவில்லை.

ஸ்பிரிங்வேல் வீட்டுக் கதவு உங்கள் எல்லோருக்கும் திறந்திருந்ததை நான் சொல்லத் தேவையில்லை. ஊரிலிருந்து யார் வந்தாலும், மலேசியாவிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் என்றாலும், முதலில் அங்கேதான். அண்ணி நோகாமல் இருக்க அண்ணாவே விடிய எழுந்து புட்டு அவிப்பார். வந்தவரை எழும்ப விடமாட்டார். இதைச் சுழிபுரத்துப் பழக்கம் என்று சொல்லி எங்கள் உறவினர் பெருமைப்படுகிறார்கள். மன்னிக்கவேண்டும். சுழிபுரத்தில் எங்கள் வீட்டுப் படலையை ஐயா பகலிலும் பூட்டித்தான் வைத்திருப்பார். அண்ணா அதைப் பழகியது பிரன்ஸ்விக்கில். தான் வைக்க மறுத்த பெயரின் பொருளை அவர் மூன்று வருடம் இருந்து செய்துகொண்டிருந்தார். அப்படிச் செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாரோ தெரியாது. சரியாகவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் ஈரலில் புற்று என்று சொன்னார்கள். நாற்பத்தொரு வயது. மூன்று மாதத்தில் ஆள் பாதியானார். அப்போதும் பகிடிக்குக் குறைவில்லை. தாதி ஊசி குத்த நரம்பு தேடும்போது, "நான் போட்ட ரோட்டுப் படத்திலயும் இப்பிடித்தான் வழி தெரியாமச் சனம் நிக்குது," என்று எனக்குத் தமிழில் சொல்வார். நான் சிரிப்பேன், தாதிக்கு ஒன்றும் விளங்காது.

ஆஸ்பத்திரியில் ஒரு பின்னேரம், அண்ணி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே போயிருந்த நேரம், என் கையைப் பிடித்தார்.

"நீ ஒருக்கா பிரன்ஸ்விக்குக்குப் போ. அவவுக்கு உண்மையான எழுத்தைச் சொல்லு."

"இப்ப எதுக்கு அண்ணா அதெல்லாம்?"

"அவ கேட்டது கிடைச்சது எண்டு அவவுக்குத் தெரியவேணும். நான்தான் குடுக்கேல்ல எண்டும் தெரியவேணும். என்னால போகேலாது. நீ போய்ச் சொல்லிப்போட்டு வந்து, அவ என்ன சொன்னவ எண்டு எனக்குச் சொல்லு."

நான் ஓம் என்றேன். அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. ஒவ்வொரு நாளும் அண்ணா என் முகத்தைப் பார்ப்பார். நாளைக்குப் போகிறேன் என்பேன். பதினொரு நாள் அப்படிச் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் காலையில் அண்ணா போய்விட்டார். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். அவர் பிள்ளையாக இருந்த காலத்தில் என் தலையைப் பின்னி, எனக்குச் சோறு தந்து வளர்த்தவர். அவருக்காக ட்ராமில் அரை மணித்தியாலம் போக என்னால் முடியாமல் போயிற்று. பயம்தான், வேறொன்றுமில்லை.

செத்தவீட்டுக்கும் அந்த அம்மையாருக்கு நாங்கள் சொல்லவில்லை. சொல்லவேண்டியவள் நான்.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து சில நாட்களின் பின் நான் தனியாகப் போனேன். கதவைத் திறந்து என்னைக் கண்டதும், என் பின்னால் எட்டிப் பார்த்தார். கார் நிற்கிறதா என்று பார்க்கிறார் என்று தெரிந்தது. அங்கேயே, வாசலில் வைத்தே சொன்னேன், அண்ணா இறந்துவிட்டார் என்று. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஏன் சொல்லேல்ல? நான் அவனுக்கு ஆர்?" என்று கேட்டார்.

குசினிக்குள் போய் இருந்தோம். அவர் கோப்பிக்குத் தண்ணீர் வைத்தார். கோப்பி கொதிக்கும் முன் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்லமாட்டேன் என்று தெரிந்து, சொல்லிவிட்டேன். "அந்தக் கடிதத்தில ரா வரேல்ல. பொ வந்தது. உங்கட எழுத்துத்தான் வந்தது. நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்."

அவர் அடுப்பை நிற்பாட்டினார். என்னைத் திட்டுவார், அழுவார், வெளியே போ என்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். அலுமாரியை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் அந்தப் புனிதையின் படம் இருந்தது, ஒட்டடை படிந்து. அவருடைய அறையில் அது முன்பு தொங்கிய சுவர் வெறுமையாக இருப்பதை, திறந்த கதவு வழியே, அப்போதுதான் நான் கவனித்தேன்.

"ஐஞ்சு வருஷம்," என்றார். "நான் இவவிட்ட ஒண்டுதான் கேட்டனான். தரேல்ல எண்டு கோவிச்சு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி அலுமாரிக்குப் பின்னால வைச்சனான். ஐஞ்சு வருஷமா இவவோட நான் கதைக்கேல்ல."

மேலங்கியால் படத்தைத் துடைத்தார். கண்ணாடியை, சட்டத்தை, பின்பக்கத்தை. துடைத்துக்கொண்டே தன் மொழியில் படத்தோடு நெடுநேரம் பேசினார். ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது, ஆனால் மன்னிப்புக் கேட்கிறார் என்று யாருக்கும் தெரியும். முடிந்ததும் படத்தை மேசையில் நிறுத்தி, என் பக்கம் திரும்பினார்.

"நான் கேட்டுட்டன். இப்ப நீ என்னட்டக் கேள்."

கேட்டேன். அண்ணாவுக்காகவும் எனக்காகவும் கேட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவர் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

அண்ணி சொல்லியனுப்பிய ஒன்று இருந்தது. பிள்ளையின் பெயரோடு அவருடைய பெயரையும் இப்போது சேர்த்துப் பதியலாம் என்று அண்ணி சொன்னார் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"வேண்டாம். அவளுக்கு ஐஞ்சு வயது. அவளுக்குப் பேர் இருக்கு. அது உங்கட அம்மான்ர. நான்தான் முதல் கூப்பிட்டனான். பேர் எண்டது பிறக்கேக்க குடுக்கிறது. பிழை செய்தவை பிறகு தந்து தீர்க்கிறதில்ல."

பிறகு கோப்பியை ஊற்றி என் முன்னால் வைத்தார். "என்ர புருஷன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர். அவர் போயிட்டார். மகனுக்கு நான் அம்மா. தொழிற்சாலையில பொலி எண்டு வெட்டிப் போட்டினம். நீங்கள் அன்ரி, அன்ரி. என்ர பேரைக் கடைசியா ஆர் சொன்னது எண்டு யோசிச்சுப் பாத்தன், எனக்கு ஞாபகமில்ல," என்றார்.

அண்ணா கேட்டுக்கொண்டது அவர் என்ன சொன்னார் என்று வந்து சொல்ல. இதுதான் அண்ணா, அவர் சொன்னது. பிந்திவிட்டேன். என்னை மன்னியுங்கள்.

இனி எங்கள் நன்றிகள். அண்ணாவைக் கடைசிவரை பராமரித்த டொக்டர்மாருக்கும், நரம்பு கிடைக்காமல் திண்டாடிய அந்தத் தாதிக்கும், இறுதிக் கிரியைகளில் தேவாரம் பாடி, பாடைக்குத் தோள் கொடுத்த நண்பர்களுக்கும், சிட்னியிலிருந்து பத்து மணித்தியாலம் கார் ஓட்டி வந்தவர்களுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த பெண்களுக்கும், தமிழ் அச்சகம் இல்லாத இந்த நகரத்தில் இந்த மலரைத் தன் அழகான கையெழுத்தில் எழுதி றோணியோ மெஷினில் பிரதி அடித்துத் தந்த நண்பருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தனித்தனியே வந்து சொல்லமுடியாததற்குப் பொறுத்தருளுங்கள்.

பொலிக்ஸேனி அம்மையாருக்கு நன்றி சொல்லும் தகுதி எங்களுக்கு இன்னும் வரவில்லை. அவர் இன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அண்ணா வீட்டில் ஒரு நேரமாவது சாப்பிட்டவர்களிடம் கேட்கிறேன். இன்று மதியம் சாப்பாட்டு மண்டபத்தில் கறுப்பு உடுப்பில் ஒரு கிரேக்கத் தாய் இருப்பார். கிட்டப் போய் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அன்ரி என்று கூப்பிடாதீர்கள். பொலிக்ஸேனி என்று, அவருடைய முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வழக்கமில்லை என்று கூச்சப்படவேண்டாம். எங்கள் வழக்கத்தைச் சொல்லி அவரை ஒரு தரம் ஏமாற்றியது போதும். மெஷின் சத்தத்தில் இருந்து இருந்து அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். உரத்துச் சொல்லுங்கள்.